புதுக்கடைக்குப் பல வழிகள்: சட்டம் படிக்க எங்கே விண்ணப்பிப்பது?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து சில வாரங்களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் ஹந்தானைத் தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிடும். நல்ல இசட் புள்ளி எடுத்த பிள்ளை ஒன்று இருந்தால், பக்கத்து லயத்துக்காரர் வரை ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சட்டம் என்றால் கொழும்புதான் என்பார் ஒருவர். பேராதனை காலடியில் கிடக்கும்போது கொழும்பு எதற்கு என்பார் இன்னொருவர். கல்வியியற் கல்லூரிக்குப் போனால் வாத்தியார் வேலையாவது நிச்சயம் என்று மூன்றாமவர் பேச்சை முடித்து வைப்பார்.

எல்லாம் அக்கறையோடு சொல்லும் பேச்சுத்தான். ஆனால் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்கப்படுவதில்லை: படித்து முடித்த பின் எந்த நீதிமன்றத்தில், யாருக்காக, எந்த மொழியில் பேசப் போகிறாய்? விருப்பத் தெரிவுகளை வரிசைப்படுத்த உண்மையில் உதவும் கேள்வி அதுவே.

எப்படிப் போனாலும் ஒரே வாசல்

இலங்கையில் சட்டப் பட்டம் வேறு, சட்டத்தரணித் தொழில் வேறு. எந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்றாலும், கறுப்பு அங்கி போட வேண்டுமானால் கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் தேர்வுகளைத் தாண்டியே ஆக வேண்டும். 1874இல் தொடங்கிய அந்தக் கல்லூரியை முடித்து, சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகே ஒருவர் சட்டத்தரணி ஆகிறார். 1970களில் அத்வக்காத்து, புறக்டர் என்ற பழைய பிரிவினை ஒழிந்த பின் எல்லோருக்கும் இந்த ஒரே பெயர்தான்.

ஆகவே கேள்வி அந்த வாசலை எப்படி அடைவது என்பதே. பட்டம் இல்லாமல் நேரே போகலாம். நுழைவுத் தேர்வில் ஒரு மொழித்தாளும், பொது அறிவு – நுண்ணறிவுத் தாளும் உண்டு. தேறினால் மூன்று ஆண்டுப் படிப்பு. அரச பல்கலைக்கழகத்தில் சட்டமாணி முடித்தவர்கள் இந்த நுழைவுத் தேர்வை எழுத வேண்டியதில்லை. கீழ் ஆண்டுத் தேர்வுகளிலும் விலக்குப் பெறலாம். பட்டத்துக்கே நான்கு ஆண்டு என்பதால் மொத்தக் காலம் அவர்களுக்குத்தான் கூடுதல். ஆனால் கையில் பட்டம் இருக்கும். நீதிமன்றம் பிடிக்காமற் போனாலும் நிருவாக சேவை, வங்கி, விரிவுரையாளர் வேலை என்று திரும்ப இடமுண்டு.

மூன்று வளாகங்கள்

பல்கலைக்கழகச் சட்டக் கல்விக்கும் ஹந்தானை மலைக்கும் பழைய உறவு இருக்கிறது. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சட்டத்துறை, மலையடிவாரத்தில் பேராதனை வளாகம் எழுந்தபோது 1949இல் முதன்முதலாக அங்கே குடிவந்த துறைகளில் ஒன்று. அங்கே நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர் தம்பையா நடராஜா. இலங்கைச் சட்ட முறைமையின் வரலாறு பற்றி 1972இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் இத்துறையில் அடிப்படை நூல். 1960களின் நடுவில் சட்டத்துறை கொழும்புக்குத் திரும்பி, பின்னர் தனிப் பீடமாக வளர்ந்தது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கலைப் பீடங்களுக்குள் சட்டத்துறைகள் அமைந்தது பல பத்தாண்டு கழித்துத்தான்.

கொழும்புப் பீடத்துக்குப் பழைமையும் பெயரும் உண்டு. நாட்டின் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டமா அதிபர் திணைக்களமும் பெரிய சட்ட அலுவலகங்களும் பக்கத்திலேயே இருப்பதால், படிக்கும்போதே ஆட்களோடு பழக வாய்ப்பு அதிகம். செலவும் அதிகம், விடுதி கிடைக்காத ஆண்டுகளில் அறை வாடகையே குடும்பத்தை ஆட்டிவிடும். ஹந்தானைப் பிள்ளைக்குப் பேராதனை என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம். கண்டி நீதிமன்றங்களின் நடப்பும் கைக்கெட்டும் தூரத்தில். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றமே தமிழில் நடக்கிறது. தேசவழமை போன்ற சட்டங்களை அவை நடைமுறையில் இருக்கும் மண்ணிலேயே படிக்கலாம். ஆனால் மலைநாட்டிலேயே தொழில் செய்ய நினைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: தேசவழமை வடக்குத் தமிழருக்கானது, கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கானது. தோட்டத் தமிழரின் சொத்துக்கும் வாரிசுரிமைக்கும் பொதுச் சட்டமே பொருந்தும்.

மாவட்டம் என்னும் கணக்கு

சட்டத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். பொதுவான முறையில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரிகின்றன. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது; கண்டி இல்லை. புசல்லாவையில் பஸ் ஏறி றம்பொடையில் இறங்குவதற்குள் மாவட்டம் மாறிவிடும். இரண்டு இடத்திலும் அதே தேயிலை, அதே லயம். ஆனால் ஹந்தானையிலோ புசல்லாவையிலோ படிக்கும் பிள்ளை, கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே மாவட்டப் பட்டியலில் நின்று போட்டியிட வேண்டும். மாவட்டம் எது என்பதைப் பெரும்பாலும் உயர்தரம் படித்த பாடசாலையே தீர்மானிக்கும்.

இதைக் கண்டு சோர வேண்டியதில்லை; விண்ணப்பத்தை அதற்கேற்ப நிரப்ப வேண்டும். கடந்த சில ஆண்டுகளின் கண்டி வெட்டுப்புள்ளிகளை எடுத்து, மூன்று பல்கலைக்கழகச் சட்டத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். உண்மையில் விரும்பும் வரிசையிலேயே தெரிவுகளை எழுதுங்கள். வெட்டுப்புள்ளி எட்டாது என்று பயந்து விரும்பிய ஒன்றைக் கீழே தள்ளினால், புள்ளி போதுமானதாக இருந்தும் அது கை நழுவிப் போகும்.

ஒரே படிவத்தை நம்பி இருக்க வேண்டாம்

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளவர்களுக்கு மஹாபொல புலமைப்பரிசிலும் உண்டு. சட்டக் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பிப்பதில் தடை எதுவும் இல்லை. பல்கலைக்கழகத் தெரிவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்கலாம்.

வீட்டு நிலைமை காரணமாக வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் சட்டமாணிப் படிப்புக்குத் தெரிவுத் தேர்வு உண்டு. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில். கடையிலோ பாடசாலையிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். இழுத்துக்கொண்டு போகாமல் முடிக்கத் தனிக் கட்டுப்பாடு வேண்டும். இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பீடம் பணம் கட்டிப் படிக்க முடிந்தவர்களுக்கு இன்னொரு வழி.

கண்டி நகரத்தில் வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களுக்கான விளம்பரங்களும் கண்ணில் படும். சேர்வதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்று: இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு சட்டக் கல்லூரியில் பதிய முடியுமா, என்ன நிபந்தனை? பதிலை நிறுவனத்தின் வாயால் அல்ல, சட்டக் கல்லூரியிடமே எழுத்தில் பெறுங்கள். முற்பணம் அதன் பிறகு. இந்தியாவில் படிக்க நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்று மொழிச் சட்டத்தரணி

மொழிதான் இந்தத் தெரிவின் நடுப்பொருள். பல்கலைக்கழகங்களில் சட்டம் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில். சட்டக் கல்லூரித் தேர்வையும் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்த 2020இன் இறுதியில் வர்த்தமானி வெளியானது. எதிர்ப்பு வலுத்து, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதிகளை நிராகரித்தது. தமிழில் எழுதும் உரிமை தப்பியது.

ஆனால் உரிமை தப்பியதால் தேவை மாறிவிடவில்லை. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். கண்டியில் விசாரணையும் பதிவேடும் சிங்களத்தில் நடக்கும். மேன்முறையீடு என்றால் ஆங்கிலம் வரும். கட்சிக்காரர் தன் கதையைத் தமிழில் சொல்வார். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தனக்கு வர வேண்டிய பணிக்கொடையைக் கேட்டு வருகிறார் என்று வையுங்கள். அவர் தமிழில் சொல்வதில் எதைச் சிங்களத்தில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று தெரிந்த சட்டத்தரணிதான் அவருக்குத் தேவை. நொத்தாரிசுத் தொழிலுக்கான அனுமதியும் மொழிவாரியாகவே தரப்படுகிறது. தமிழில் உறுதி எழுதக்கூடிய நொத்தாரிசு ஒருவர் பக்கத்தில் இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்க வேண்டிய நிலை வராது.

இந்த மலைகளின் பெரிய வழக்குகளில் வெளியிலிருந்து வந்தவர்களே வாதாடினார்கள். மடுல்கலையில் தொழிலாளர் பக்கம் நின்ற பிரேஸ்கேர்டில் என்ற வெளிநாட்டவரை நாடுகடத்த முயன்றபோது, 1937இல் உயர் நீதிமன்றத்தில் அவருக்காக எச்.வி. பெரேரா வாதாடினார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தபோது, விசாரணை ஆணைக்குழுவில் அவரது மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. வாக்குரிமை கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய்த் தோற்றது. தோட்டத் தமிழரில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்தப் பெரியவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று நாளாந்தம் வரும் சிறு வழக்குகளுக்கு அப்படிப்பட்டவர்கள் வரமாட்டார்கள். அதற்கு ஊரிலேயே இருக்கும் ஆள் வேண்டும்.

நிரப்புவதற்கு முன்

ஆகவே தெரிவுப் படிவத்தில் எழுதுவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கிக் கண்டி நீதிமன்றத்துக்குப் போய்வாருங்கள். விசாரணைகள் பகிரங்கமாக நடப்பவை. ஒழுங்காக உடுத்தி, அமைதியாகப் பின்வரிசையில் உட்கார யாருக்கும் தடையில்லை. எந்த வழக்குகள் வருகின்றன, தமிழ்க் கட்சிக்காரர் வாய் திறக்கும்போது என்ன நடக்கிறது, மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் வழக்கு எத்தனை நாள் தள்ளிப் போகிறது என்று பாருங்கள். இதுதான் என் வேலை என்று தோன்றினால், கண்டியில் வேரூன்ற உதவும் வளாகத்தை முதலில் எழுதி, பல்கலைக்கழகம் திறக்கும் வரையான மாதங்களைச் சிங்களம் எழுதப் படிக்கச் செலவிடுங்கள். உயர் நீதிமன்றமோ ஆய்வோ இழுத்தால் கொழும்பை முதலில் எழுதி, அதே மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.