வடிகட்டி மறைத்த வேலை

தலைநகருக்குப் பிழைப்பு நாடி வந்த நம்மவர் ஒவ்வொருவரும் இரண்டு இல்லங்களின் பொறுப்பைச் சுமக்கின்றனர். ஒன்று தில்லியில், மற்றொன்று ஊரில். இங்கே குழந்தையின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அலுவலகக் கோப்பும் காத்திருக்க, அங்கே வீட்டு வரியும் பெற்றோரின் மருத்துவமும் காத்திருக்கின்றன. இத்தனையையும் மனத்தில் நிறுத்த இயலாமல், பலரும் இந்நாளில் கைபேசியிலுள்ள பணிப்பட்டியல் மென்பொருள்களை நாடுகின்றனர். புகைவண்டி அலுவலகக் குமாஸ்தாவாகிய நானும் நாடினேன். அதனால் பெற்ற நன்மையையும், அதன் விதியைச் சரிவர அமைக்கத் தெரியாமல் பட்ட துன்பத்தையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மென்பொருள்களில் வேலைகளை எழுதி வைப்பது எளிது. நூறு வேலைகள் சேர்ந்தபின் அவற்றுள் இப்பொழுது வேண்டியதை மட்டும் காண்பதே அரிது. அதற்காக அமைந்ததே வடிகட்டி. ‘டுடூயிஸ்ட்’ போன்றவற்றில் நாமே விதி எழுதலாம். அவ்விதிக்கு வேண்டிய சொற்கள் மூன்றே: மற்றும், அல்லது, அல்லாத. இச்சொற்களின் கணக்கை வகுத்தவர் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேய அறிஞர். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்த அவர், சிந்தனையின் விதிகளைக் கணிதக் குறிகளால் விளக்கும் நூலை 1854ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

சொற்கள் மூன்றேயாயினும் இடறுவதற்கு அவை போதும். இன்று முடிக்க வேண்டிய வீட்டு வேலைகளையும் அலுவலக வேலைகளையும் காண விரும்பி, ‘இன்று மற்றும் வீடு அல்லது அலுவலகம்’ என்று எழுதினேன். பெரும்பாலான மென்பொருள்கள் ‘மற்றும்’ என்பதையே முதலில் கணக்கிடும். ஆகவே இன்றைய வீட்டு வேலைகளோடு, அடுத்த ஆண்டுவரைக்குமான அலுவலக வேலைகள் அனைத்தும் திரண்டு வந்து நின்றன! ‘இன்று மற்றும் (வீடு அல்லது அலுவலகம்)’ என அடைப்புக்குறி இட்ட பின்னரே பட்டியல் அடங்கியது.

வேண்டாதவை வந்து நின்றால் பிழை கண்ணுக்குத் தெரியும். வேண்டியது வராமற்போனால் எவ்வாறு தெரியும்? என்னை வருத்தியது அப்பிழையே.

என் தந்தையார் மாயவரத்தில் வசிக்கும் ஓய்வூதியர். மத்திய அரசின் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் ஆயுள் சான்றிதழ் அளித்தல் வேண்டும். 2014 முதல் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணு முறையும் உண்டு. “நான் வரும்போது கைபேசியிலேயே முடித்துத் தருகிறேன், அப்பா” என்று வாக்களித்து, அப்பணியை ரயிலடியில் நின்றபடியே பட்டியலில் குறித்தேன். அவசரத்தில் தேதியிட மறந்தேன். நவம்பரில் உறவினர் திருமணத்துக்கு ஊர் சென்றபோது பட்டியலைத் திறந்தேன். இன்றைக்கு ஒன்றுமில்லை என்றது. மகிழ்ந்து திருமண விருந்துண்டு திரும்பினேன்.

ஜனவரித் தொடக்கத்தில் தொலைபேசி ஒலித்தது. “தம்பி, போன மாத ஓய்வூதியம் இன்னும் வரவில்லையே. அந்தச் சான்றிதழை அனுப்பினாய் அல்லவா?” என்றார் தந்தையார். மருந்துக்கு அண்டை வீட்டாரிடம் கைமாற்று வாங்கியிருந்தார் என்பதைப் பின்னர் அன்னையார் வாயிலாக அறிந்தேன். சான்று சேர்ந்தபின் நின்ற தொகை வந்துவிட்டது. என் நாணம் அத்தனை விரைவில் தீரவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தவர், சீர்காழி தந்த நூலக மேதை எஸ். ஆர். இரங்கநாதன். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகவியல் கற்பித்த அப்பெரியார், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்துக் குறியிட வழிகாட்டினார். இடமும் காலமும் அக்கூறுகளில் அடங்கும். நம் வேலைகளும் அத்தகையனவே. யாருக்கு, எங்கே, எப்போது என்னும் கூறுகளை நாம் குறித்தாலன்றி, வடிகட்டி எதைக்கொண்டு தேடும்? மேலும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் மூன்றாவதன் கருத்து. அலமாரியில் மறைந்து கிடக்கும் நூலுக்காக இரங்கிய விதி அது. என் பட்டியலில் மறைந்து கிடந்த வேலைக்கும் அத்தகைய விதியொன்று தேவைப்பட்டது.

ஆகவே இப்போது நான் கைக்கொள்ளும் முறை இது: ‘அல்லது’ வருமிடத்தில் அடைப்புக்குறி இடுகிறேன். புதிய விதி எழுதியதும், வரவேண்டிய ஒரு வேலையையும் வரக்கூடாத ஒரு வேலையையும் இட்டுச் சோதிக்கிறேன். எல்லாவற்றினும் முதன்மையாக, ‘தேதியில்லாதவை’ என்றொரு தனி வடிகட்டி அமைத்து, ஞாயிறுதோறும் காலைக் காப்பி அருந்தும்போது அதைத் திறந்து பார்க்கிறேன். எந்த விதியிலும் அகப்படாதவை அங்கே வந்து சேர்கின்றன. பெற்றோரைப் பற்றியவை பலவும் அங்கேதான் இருந்தன என்பதைக் கூறவே கூசுகிறது. அலுவலகப் பணிக்கு மேலதிகாரி தேதி குறித்து விடுகிறார். ஊரிலிருப்போர் நமக்குத் தேதி குறிப்பதில்லை. ‘உனக்கு ஒழிந்தபோது செய்யப்பா’ என்றே கூறுகின்றனர்.

அன்பர்களே, இன்றிரவே உங்கள் பட்டியலில் தேதியில்லாதவற்றைத் தேடிப் பாருங்கள். ஊரிலிருக்கும் ஒருவர் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.