கணிப்பொறியில் துளிர்க்கும் இலை

இன்னும் கட்டப்படாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் காட்டும் கணிப்பொறிப் படங்களை விளம்பரங்களில் நாம் அன்றாடம் காண்கிறோம். சுவரும் சன்னலும் மெய்யாகவே தோன்றும். வாசலில் நிற்கும் மரம் மட்டும் பிளாஸ்டிக் மரமாய்க் காட்டிக்கொடுத்துவிடும். காரணம் என்ன? சுவருக்குப் பூசிய முறையிலேயே இலைக்கும் வண்ணம் பூசுவதுதான்.

சுவர் ஒளியை மறிக்கும். இலையோ ஒரு பகுதியை மறுபுறம் கசியவிடும். தாவரவியல் வகுப்பை நினைவுகூர்வோம். இலையின் மேலே மெழுகுப் படலம். அதன்கீழ்ப் பச்சையம் நிறைந்த பாலிசேட் திசு. அடியில் காற்றறைகள் கொண்ட பஞ்சுத் திசு. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் பெரிதும் உறிஞ்சும். 550 நானோமீட்டரை ஒட்டிய பச்சையைக் குறைவாக உறிஞ்சும். காற்றறைகள் ஒளியைச் சிதறடிப்பதால் அடிப்புறம் வெளிறித் தோன்றுகிறது. வெயிலுக்கு எதிரே பிடித்த இலை மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிர்கிறது.

இவற்றையெல்லாம் கணிப்பொறிக்குச் சொல்லித்தர வேண்டும். 2002ஆம் ஆண்டு முதல் மூலநிரலுடன் இலவசமாகக் கிடைக்கும் 'பிளெண்டர்' போன்ற மென்பொருளே இதற்குப் போதும்.

முதலில் வடிவம். தட்டையான பரப்பில் இலையின் ஒளிப்படத்தை ஒட்டி, துணைக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தரவேண்டும். வெள்ளை உள்ள இடம் இலை. கறுப்பு உள்ள இடம் வெற்றிடம்.

அடுத்து நிறம். பச்சை ஒளியில்கூட இலை திருப்பி அனுப்புவது ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடே. ஆகவே கிளிப்பச்சை கூடாது. அடக்கமான பச்சையே பொருந்தும். எதிரொளித்தது, கசிந்தது, உறிஞ்சப்பட்டது ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை விழுந்த ஒளிக்குச் சமம். இக்கணக்கு பிசகினால் இலை தானே விளக்காய் எரியும்!

மூன்றாவது பளபளப்பு. மெழுகின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. நேராக விழும் ஒளியில் 4 விழுக்காடு அதன் மேற்பரப்பிலேயே திரும்பும். சாய்ந்து விழுந்தால் இன்னும் மிகும். இவ்வொளி பச்சையத்தைத் தொடாததால் பச்சையாய் இராது. வானத்தின் நிறத்தையே காட்டும்.

இறுதியாக வேறுபாடு. வேம்பின் கொழுந்து செந்நிறம்; முற்றிய இலை கரும்பச்சை; பழுத்தது மஞ்சள். ஒரே இலையை ஆயிரம் முறை ஒட்டினால் மரம் ஆகாது.

இவ்வளவு மெய்யாக வரையக் கற்றவனுக்கு ஒரு கடமையும் உண்டு. என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நகையை அடகு வைத்து வீடு கட்டுவோர், வேலை முடிந்ததும், "படத்தில் இருந்த மரம் எங்கே?" என்று அவரிடம் கேட்பதுண்டாம். படம் வரைந்தவர் அங்கே இருப்பதில்லை. பதில் சொல்ல வேண்டியவர் கொத்தனார். மூன்றடிச் சந்தில் பெருமரத்தை நிறுத்தி நிழல் காட்டுவது கலையன்று, ஏமாற்று. நட்ட கன்று நிழல் தரப் பல்லாண்டு ஆகும் என்பதைப் படமும் சொல்லட்டும்.

இயற்பியலும் தாவரவியலும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை, நண்பர்களே! ஒரு வேப்பிலையைப் பறித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். பாடம் அங்கேயே தொடங்குகிறது.