வேலிக் களாவும் அதன் கனியிலுள்ள சத்துக்களும்

கரட்டு நிலங்களிலும் தோட்டக்கால்களின் ஓரங்களிலும் வளரும் களாச் செடியைக் குடியானவர்கள் யாவரும் அறிவார்கள். ஆடு மாடு நுழையாமற் காக்கும் முள்வேலி என்ற அளவிலேயே அதனை மதிப்போர் பலர். கம்பி வேலி போடுங்கால் அதனை வேரோடு பெயர்த்து விறகாக்கிவிடுகின்றனர். அவ்வாறு செய்யுமுன் அதன் கனியில் அடங்கியுள்ளவை எவை என்று அறிந்துகொள்ளுதல் நலம்.

நறுக்கிய வாழைக்காய் சிறிது நேரத்திற் கறுத்துவிடும். எலுமிச்சஞ் சாறு கலந்த நீரிலிட்டால் எளிதிற் கறுப்பதில்லை. காற்றிலுள்ள பிராணவாயு காயிலுள்ள பொருள்களோடு சேர்வதே கறுத்தலுக்குக் காரணம். எலுமிச்சையின் புளிப்பும் அதிலுள்ள வைட்டமின் ‘சி’யும் அச்சேர்க்கையைத் தடுக்கின்றன. பிராணவாயுவின் இத்தகைய செயல் நம் உடலினுள்ளும் இடைவிடாது நிகழ்கிறது. அளவு மீறின் உயிரணுக்களுக்குக் கேடு உண்டாகும். அதனை மட்டுப்படுத்தும் பொருள்களை ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர்.

களாவில் இவற்றுட் சில உள்ளன. ஒன்று, 1928ஆம் ஆண்டில் ஸென்ட்-ஜியார்ஜி என்னும் அறிஞர் முதன்முதற் பிரித்தெடுத்த வைட்டமின் ‘சி’. மற்றொன்று, பழுத்த கனிக்குக் கருஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கும் ஆந்தோசயனின் என்னும் சாயப்பொருள். காய் பழுக்கப் பழுக்க இச்சாயம் மிகும். பால் வடியும் பச்சைக்காய் ஊறுகாய்க்கு ஏற்றது. சாயச்சத்தை விரும்புவோர் நன்கு கறுத்த கனியையே பறித்தல் வேண்டும்.

வைட்டமின் ‘சி’ நீரிற் கரைவது, சூட்டால் அழிவது, செம்பு பட்டால் விரைந்து கெடுவது. ஆகையால் களாவைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் நெடுநேரம் வேகவைத்தலாகாது. எவர்சில்வர் பாத்திரத்தில் குறைந்த நீரிட்டுச் சமைத்து, பீங்கான் ஜாடியில் வெளிச்சம் படாமல் வைப்பது உத்தமம். எனினும் களா உணவேயன்றி நோய் தீர்க்கும் மருந்தன்று. கண்ணாடிக் குழாயிற் கண்ட குணம் முழுவதும் உடலிலும் அப்படியே விளையும் என்று கொள்ளலாகாது. இதனை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துதல் பெருந்தவறு.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வேலிகளில் வளரும் மஞ்சள் அரளியும் களாவின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டிலும் பால் வடியும், இரண்டின் கனிகளும் முதிர்ந்தாற் கறுக்கும். ஆனால் அரளியின் கொட்டை இருதயத்தைத் தாக்கி உயிரைப் போக்கும் கொடிய விஷம். களாவிற்கு முள் உண்டு. கனிக்குள் சிறிய தட்டையான விதைகள் பல இருக்கும். மஞ்சள் அரளிக்கு முள் இல்லை. கனிக்குள் இருப்பது கடினமான ஒரே கொட்டை. களா பறிக்கும் வேலியில் அரளியைக் கலந்து வளர்த்தலாகாது. பள்ளிக்கூடங்களின் சுற்றுப்புறத்தில் அரளி இராதபடி கிராம அதிகாரிகள் கவனிப்பார்களாக.

களா விதை நாட்பட்டால் முளைப்பது குறையும். ஆதலின் கனிந்த பழத்தின் விதையை உடனே பாத்தியிலிட்டு, ஓராண்டு வளர்ந்த நாற்றுக்களை மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டடிக்கு ஒன்றாக நடலாம். காவலுக்கு முள்ளும் உணவிற்குக் கனியும் தரும் இவ்வேலியை எளிதில் அழித்துவிட வேண்டாமென்று மிராசுதார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.