அடைமழையில் மாட்டுக்குள் எரியும் அடுப்பு

திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலின் தலபுராணம், மாட்டுக்குக் கொம்பு வந்த கதை. கொம்பில்லாமல் பிறந்த பசுக்கள் மற்ற விலங்குகளின் தொல்லை தாங்காமல் பம்பை ஆற்றங்கரைக்கு வந்து தவமிருந்தன. ஈசன் மனமிரங்கிக் கொம்பு கொடுத்தார். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புராணத்தில் கொம்பு ஓர் ஆயுதம். உயிரியலில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியே தெரியும் ஓட்டுக்குள் உயிருள்ள எலும்பு இருக்கிறது. அதன்மேல் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வெயிலில் அவை விரிந்து உடம்பின் சூட்டை வெளியே விடுகின்றன, குளிரில் சுருங்கிக்கொள்கின்றன. ஆடுகளின் கொம்பை வைத்து டெய்லர் என்ற ஆய்வாளர் 1966-ல் இதை எழுதினார். காய்ச்சல் கண்டிருக்கிறதா என்று மாட்டின் காதையும் கொம்படியையும் தொட்டுப் பார்க்கிறார்களே, அது வீண் பழக்கம் இல்லை.

நம்மூர் நாட்டு மாட்டின் உடம்பு முழுவதுமே சூட்டைத் தள்ளிவிடுவதற்காக அமைந்ததுதான். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி, தளர்ந்த தோல், நிறைய வியர்வைச் சுரப்பிகள், பளபளக்கும் குட்டை மயிர். சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல உடம்பு கிடைக்காது. இதே உடம்புதான் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அகப்பட்டுக்கொள்கிறது. வெளியே 22 டிகிரிதான் இருக்கும். நமக்கு அது இதமான குளிர். தொட்டிப் பக்கத்தில் கட்டியிருக்கும் மாடோ முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

ஒவ்வொரு விலங்குக்கும் குளிரில் ஓர் அடிவரம்பு உண்டு. அதற்கு மேலே உடம்பு தன் போக்கில் 38, 39 டிகிரியில் இருந்துகொள்ளும். கீழே போனால், உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்காகவே தனியாகத் தீனியை எரிக்க வேண்டும். குளிர்நாட்டில் குளிர்கால மயிர் வளர்ந்து உலர்ந்திருக்கும் இறைச்சி மாட்டுக்கு இந்த வரம்பு ஏறக்குறைய 0 டிகிரி. அதே மாடு நனைந்துவிட்டால் வரம்பு 15 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. தடித்த மயிருள்ள மாட்டுக்கே இந்தக் கதி என்றால், நம் குட்டை மயிர் மாட்டுக்கு வரம்பு இன்னும் மேலேதான் இருக்கும். குதிரைக்கும் இதுவே நியாயம். மிதமான தட்பவெப்பத்தில் வாழும் குதிரைக்கு ஏறத்தாழ 5 டிகிரி. கடுங்குளிருக்குப் பழகி மயிர் வளர்த்த குதிரைக்கு உறைநிலைக்குக் கீழே 15 டிகிரிவரை கவலையில்லை. மங்கோலியப் புல்வெளிக் குதிரை முதுகில் பனி உருகாமல் கிடந்தால், உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம்.

அந்த மயிரை வளர்க்கச் சொல்லிக் குதிரையின் உடம்புக்குத் தகவல் கொடுப்பதில் குளிரைவிடப் பகல்பொழுதின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டனில் கோடையில் பதினாறரை மணி நேரம் இருக்கும் பகல், குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே போய்விடுகிறது. விழுப்புரத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. மழைக்காலம் வருகிறது என்று நம்மூர் விலங்குகளை எச்சரிக்க வானத்தில் பெரிதாக ஒன்றுமில்லை.

நனைவதில் அப்படி என்ன ஆபத்து? சிலிர்த்த மயிருக்கு இடையில் சிக்கியிருக்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. அடுத்து, தோலில் நிற்கும் ஈரம் காய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியை மாடுதான் கொடுக்கிறது. 300 கிலோ எடையுள்ள மாடு பட்டினியாகச் சும்மா படுத்திருந்தால் ஒரு நாள் முழுக்க உண்டாக்கும் வெப்பமே சுமார் 5,000 கிலோகலோரி. ஒரு லிட்டர் ஈரத்தைக் காயவைக்கவே அதில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடுகிறது. காயக் காய மறுபடி நனைந்தால்? மேலே காற்றும் அடித்தால்? ஊட்டியில் ஜனவரி உறைபனியில் புல் வெளுத்துக் கிடக்கும் இரவைவிட, ஆடி மாதச் சாரலும் காற்றும் விடாமல் அடிக்கும் பகல்தான் அங்கே மேயும் மட்டக் குதிரைக்குக் கடினமானது. வெப்பமானியில் மட்டும் பார்த்தால் இது புரியாது.

விழுப்புரம் பகுதிக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த கையோடு நகர்ந்துபோகாமல் அங்கேயே பல மணி நேரம் நின்று கொட்டியது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. மணிக்கு 70, 80 கிலோமீட்டர் காற்று. வெள்ளத்தில் போன கால்நடைகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. வெள்ளம் எட்டாத மேட்டில் இரவெல்லாம் நனைந்து நின்று, மறுநாள் தீனி எடுக்காமல் படுத்துக்கொள்ளும் மாடுகள் செய்தியில் வருவதில்லை.

அடுப்புக்கு வருவோம். மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் ஒரு குழிவு இருக்கும். பசித்த மாட்டில் அது ஒடுங்கியிருக்கும், தின்ற மாட்டில் நிரம்பியிருக்கும். அங்கே முஷ்டியை அழுத்தி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உள்ளே ஏதோ புரண்டு கையைத் தள்ளும், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை. அதுதான் அசையூண் இரைப்பை. பெரிய மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலின் நாரை நொதிக்கவைத்துக்கொண்டே இருக்கின்றன. நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. உடம்பின் மற்ற பகுதியைவிட அந்த இடம் சற்று அதிகச் சூடாகவே இருக்கும். குதிரைக்கு அசைபோடத் தெரியாது. அதன் அடுப்பு பின்பக்கம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள குருட்டுக்குடலும் அதையடுத்த பெருங்குடலும் நாரை நொதிக்கவைக்கும் இடங்கள்.

நாம் சத்து என்று நினைக்கும் தவிடு, புண்ணாக்கு, கொள்ளு எல்லாம் சீக்கிரம் செரித்துவிடும். வைக்கோலும் காய்ந்த புல்லும் செரிக்கக் கடினம். நுண்ணுயிர்கள் மணிக்கணக்கில் பாடுபட வேண்டும். அந்தப் பாட்டில் விரயமாகும் வெப்பம்தான் குளிர்நாளில் மாட்டுக்கு வரவு. கோடையில் வைக்கோலைப் பகலில் போடாமல் இரவில் போடச் சொல்லும் கால்நடை மருத்துவர்களின் கணக்கும் இதுதான்: வெயிலும் அடுப்பும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது. மழைக்காலத்தில் காரணம் தலைகீழாகிறது, நேரம் அதேதான். சாயந்தரம் வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாட்டுக்கு நடுஇரவில் அடுப்பு நன்றாக எரியும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஹோர்முஸ் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குவதையும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். குதிரை பார்க்கத் தெரிந்த ஆளில்லை என்பது அவர் சொல்லும் ஒரு காரணம். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் அவர் வியந்து குறித்திருக்கிறார். பயணி சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நார் இல்லாத சோறு குதிரையின் பெருங்குடலுக்குள் போனால் புளித்து, வயிற்றுவலியும் கால்குளம்பு வீக்கமும் வரும் என்பது இன்றைக்கும் உண்மை. ‘பாவம், குளிரில் நடுங்குது’ என்று சூடாகக் கஞ்சியும் பழைய சோறும் அண்டா அண்டாவாக மாட்டுக்கு ஊற்றுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அளவு மீறினால் வயிறு உப்பி அமிலம் ஏறும், அடுப்பே அணைந்துபோகும்.

நக்கீரரின் நெடுநல்வாடை விடாத மழையில்தான் தொடங்குகிறது. இடையர்கள் வெள்ளத்துக்கு அஞ்சி மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போகிறார்கள், நெருப்பில் கை காய்கிறார்கள், நடுங்குகிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவைப் பசு பால் குடிக்க வரும் கன்றை உதைத்துத் தள்ளுகிறது. இதைக் கவிதை என்று மட்டும் படிப்பது போதாது. மந்தையோடு நின்று பார்த்தவர் சொல்லும் தகவல் அது. பெருமழையில் மாடும் குதிரையும் மேயாது. காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, ஒன்றையொன்று ஒட்டி நின்றுவிடும். அந்த நேரத்துக்கு அது சரியான தற்காப்புதான். பன்னிரண்டு மணி நேரம் நீடித்தால் உள்ளே விறகு தீர்ந்துவிடும். எங்கு பார்த்தாலும் பச்சைப்புல் இருக்கும் காலத்தில் மாடு இளைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்து இளம்புல்லில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். வயிறு நிரம்பிய மாதிரி இருக்கும், சாணம் தண்ணியாகப் போகும், நார் போதாது.

ஆகவே அடைமழைக்கு முன்னால் பார்க்க வேண்டியது வைக்கோல் போரை. மேட்டில் இருக்கிறதா, அடியில் கல்லோ கட்டையோ போட்டிருக்கிறதா, மேலே தார்ப்பாய் சரியாக இழுத்துக் கட்டியிருக்கிறதா? இயந்திரம் சுருட்டிக் கொடுக்கும் வைக்கோல் கட்டுகள் ஒருமுறை நனைந்தால் உட்பக்கம் காய்வதே இல்லை. பூசணம் பிடித்த வைக்கோலை ‘மாடுதானே’ என்று போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள நஞ்சு பால் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும்.

சரி, போர்வை? நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகையில் வரைந்த குறிகளைப் பழக்கினார்கள். ஒரு குறியை மூக்கால் தொட்டால் போர்வையைப் போடுவார்கள், இன்னொன்றைத் தொட்டால் எடுப்பார்கள், மூன்றாவது ‘இப்படியே இருக்கட்டும்’. இரண்டே வாரத்தில் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. 2016-ல் வெளியான அந்த ஆய்வில் வெயில் நாளில் போர்வையை எடுக்கச் சொன்ன குதிரைகள், மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போடச் சொல்லிக் கேட்டன. அவற்றுக்குப் போட்டது தண்ணீர் புகாத போர்வை என்பதை மறக்கக் கூடாது. நம் வீடுகளில் போடும் கோணிச்சாக்கு நனைந்துவிட்டால் சிலிர்த்த மயிரை அமுக்கிவிட்டு, ஈரத்தையும் தோலோடு ஒட்டவைத்துவிடும். உலர்ந்த சாக்கை உலர்ந்த உடம்பில், கூரைக்குக் கீழே போடலாம். அதுவும் கன்றுக்கும் கிழட்டு மாட்டுக்கும் இளைத்த மாட்டுக்கும்தான் அவசியம். நாள்தோறும் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கலாம். மயிரிலுள்ள எண்ணெய்ப் பசைதான் தண்ணீரை வழுக்கிவிட்டு ஓடச் செய்கிறது.

கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடுவது பரவலான தவறு. உள்ளே மூத்திர நெடியும் ஈரப்பதமும் சேர்ந்து நெஞ்சில் சளி கட்டும். வாடை அடிக்கும் வடக்கையும் கிழக்கையும் மறைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் மேலே காற்றுப் போக இடம் விட்டால் போதும். புயல் நாளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். புயல் கரையைக் கடந்ததும் காற்று திசை மாற்றி அடிக்கும் என்பதால் ஒரு தார்ப்பாயைக் கையில் வைத்திருக்க வேண்டும். தரைதான் இன்னும் முக்கியம். மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்கிறது. ஈரச் சிமெண்டுத் தரையில் படுத்தால் வயிற்றுச் சூடெல்லாம் தரைக்குத்தான் போகும். தின்று கழித்த கூளத்தை வாரிக் குப்பைமேட்டில் போடுவதற்குமுன் அதைப் படுக்கையாக விரிக்கலாம். தண்ணீர் ஏறும் ஊராக இருந்தால், புயல் இரவில் கட்டுத்தறிக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மேடு எங்கே என்று மாட்டுக்குத் தெரியும்.

திருவாமாத்தூரில் அப்படித் தண்ணீர் வந்த இரவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்கள், கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். ஊர் சிரித்தது. அன்றிரவு பம்பை பெருக்கெடுத்து, தடம் மாறி ஓடி, பாட்டை மெய்யாக்கியதாம். அந்த இரவில் கரையோரக் கொட்டகைகளில் மாடுகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று புலவர்கள் யாரும் பாடவில்லை.

மழை இரவில் பிறக்கும் கன்றின் நிலைமை தனி. நனைந்தபடிதான் பிறக்கிறது; எரிப்பதற்கு உடம்பில் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு மட்டும் இருக்கிறது; அடுப்பு மூட்டவே சில வாரங்கள் ஆகும். தாய் நக்குவது அதைக் காயவைக்கத்தான். தாய் நக்காவிட்டால் உலர்ந்த வைக்கோலாலோ துணியாலோ அழுத்தித் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். 20 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டராவது வேண்டும். கன்று துவண்டு கிடந்தால் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால், விரலைச் சப்பவும் இல்லையென்றால், பாலை வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் காயவைத்து, வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி வயிற்றோரம் வைத்துச் சூடேற்றுங்கள். சப்பத் தொடங்கிய பிறகுதான் பால். அரை மணி நேரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் 1962-ஐ அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள்.