ஒரே ரூம்... ரெண்டு முடிவு!

'மச்சி, இந்தப் படத்தைப் பார்க்காம டிகிரி முடிச்சுடாதே!' என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கைமாற்றிவிடும் படங்கள் சில உண்டு. அந்த வரிசையில் முதல் பெஞ்ச், 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. 1994-ல் வந்த ஹாலிவுட் படம். டூயட் கிடையாது, சேஸிங் கிடையாது, திரும்பின பக்கமெல்லாம் ஜெயில் சுவர்தான். ஆனாலும் படம் முடிந்ததும் யாராவது ஒரு ஃப்ரெண்டுக்கு போன் பண்ணணும்போல இருக்கும்!

(இன்னும் பார்க்காதவர்களே... கீழே கிளைமாக்ஸ் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்தும் படிக்கலாம். நாங்கள் எங்கேயும் ஓடிப்போய்விட மாட்டோம்!)

ஸ்டீபன் கிங் எழுதி 1982-ல் வெளியான குறுநாவல்தான் மூலக்கதை. டைரக்டர் ஃபிராங்க் டாரபான்ட். ஆன்டி, ஒரு பேங்க் அதிகாரி. மனைவியையும் அவளுடைய காதலனையும் கொன்றதாக, செய்யாத குற்றத்துக்கு ரெண்டு ஆயுள் தண்டனை. 1947-ல் ஷாஷாங்க் சிறைக்குள் வருகிறான். அங்கே ஏற்கெனவே 20 வருஷம் முடித்த 'ரெட்', எதைக் கேட்டாலும் வெளியிலிருந்து வரவழைத்துத் தரும் ஆள். ஆன்டியாக டிம் ராபின்ஸ், ரெட்டாக மார்கன் ஃப்ரீமேன். இந்த ரெண்டு பேரின் நட்புதான் படம்.

தம்பட்டம் அடிக்காத நம்பிக்கை

'நம்பிக்கையோடு இரு' என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்ப ஈஸி. ஆன்டி அதைச் சொல்வதைவிடச் செய்வதுதான் அதிகம். சிறை நூலகத்துக்கு நிதி கேட்டு மாநில அரசுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுகிறான். ஒரு வாரம், ரெண்டு வாரம் இல்லை... ஆறு வருஷம்! கடைசியில் 200 டாலரும் பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகங்களும் வருகின்றன. 'இதோடு ஆளை விடுப்பா' என்பது அவர்கள் கணக்கு. ஆன்டி என்ன செய்கிறான் தெரியுமா? இனிமேல் வாரத்துக்கு ரெண்டு கடிதம்! 1959-ல் வருஷத்துக்கு 500 டாலர் என்று அரசு இறங்கி வருகிறது.

இன்னொரு பக்கம், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னச் சுத்தியல். அதை வைத்துச் சுவரைக் குடைந்து தப்பிக்க 600 வருஷம் ஆகும் என்று நினைக்கிறார் ரெட். ஆன்டி 19 வருஷத்தில் முடிக்கிறான். தினமும் கொஞ்சம் சுரண்டல். சுரண்டிய தூளைப் பேன்ட்டுக்குள் மறைத்துவந்து மைதானத்தில் உதிர்க்கும் வேலை. அவ்வளவுதான். அரியர் பேப்பரை ஒரே ராத்திரியில் ஊதித் தள்ளிவிடலாம் என்று கனவு காண்கிறவர்கள் இந்த இடத்தில் படத்தை 'பாஸ்' பண்ணி யோசிக்கலாம்!

மூணு பீர், ஒரு சிரிப்பு

1949 வசந்த காலத்தில் கைதிகள் கூரைக்குத் தார் பூசுகிறார்கள். காவல் அதிகாரி ஒருவருக்கு வந்த சொத்துப் பணத்தில் வரி போகாமல் காப்பாற்ற வழி சொல்கிறான் ஆன்டி. அதற்கு ஃபீஸாக அவன் கேட்பது, கூட வேலை செய்கிறவர்களுக்குத் தலைக்கு மூணு பீர்! எல்லோரும் குடிக்க, அவன் மட்டும் தொடாமல் ஓரமாக உட்கார்ந்து புன்னகைக்கிறான். கொஞ்ச நேரமாவது அவர்கள் கைதிகள் என்பதை மறந்திருக்க வேண்டும்... அவனுக்கு வேண்டியது அதுதான். ட்ரீட் கேட்கிற நட்பு எல்லா காலேஜிலும் உண்டு. இது வேற லெவல்!

ப்ரூக்ஸும் ரெட்டும்

எல்லோரும் ஆன்டி தப்பிக்கிற சீனுக்குத்தான் விசில் அடிப்பார்கள். ஆனால், படத்தின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது.

சிறை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ப்ரூக்ஸ். 50 வருஷம் உள்ளே இருந்தவருக்கு 1954-ல் விடுதலை. வாடகை ரூம், மளிகைக் கடையில் சாமான்களைப் பையில் போட்டுத் தரும் வேலை. தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. பார்க்கில் போய் உட்கார்ந்து, சிறையில் தான் வளர்த்துப் பறக்கவிட்ட ஜேக் என்ற பறவை வருமா என்று பார்க்கிறார். வரவில்லை. ஒருநாள் அந்த ரூமிலேயே தன் உயிரை முடித்துக்கொள்கிறார்.

பல வருஷம் கழித்து ரெட்டுக்கும் விடுதலை. நம்பிக்கை என்பது ஆளைப் பைத்தியமாக்கும் ஆபத்தான சமாச்சாரம் என்று ஆன்டியிடம் வாதாடியவர் அவர். இப்போது அவருக்குக் கிடைப்பது அதே ரூம். அதே மளிகைக் கடை. அதே தனிமை. ஆனால், ரெட் பிழைத்துக்கொள்கிறார். ஏன்?

தப்பிப்பதற்கு முன்னால் ஆன்டி அவரிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தான். வெளியே வந்தால் பக்ஸ்டன் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வயல், ஒரு பெரிய ஓக் மரம், ஒரு கல் சுவர். சுவரின் அடியில் அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கறுப்புக் கல். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்!

ப்ரூக்ஸுக்குப் போக ஓர் இடம் இல்லை. ரெட்டுக்கு இருந்தது. ரெண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் தைரியமோ வயசோ இல்லை ஃப்ரெண்ட்ஸ்... ஒரு நண்பன் பாக்கி வைத்துவிட்டுப் போன வேலை. தனக்குள்ளே நம்பிக்கை ஊறாத நேரத்தில், இன்னொருத்தன் கையிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம். நட்பு என்பது அதற்குத்தான்.

படத்துக்கும் அதே கதைதான்!

சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்த படம், முதல் ரிலீஸில் 1.6 கோடி டாலர் அளவுக்குத்தான் வசூலித்தது. ஆஸ்கரில் ஏழு பிரிவுகளில் போட்டி, கையில் வந்தது பூஜ்யம். அப்புறம் வீடியோ கேசட்டிலும், 1997 முதல் அமெரிக்க கேபிள் டி.வி-யிலும் பார்த்தவர்கள், 'பாருடா' என்று பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். 2008-ல் ஐ.எம்.டி.பி. ரசிகர்கள் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து, பல வருஷம் விடவே இல்லை. தோற்ற படத்தையும் தூக்கிவிட்டது ஃப்ரெண்ட்ஸ்தான்!

உங்கள் கிளாஸிலும் ஒரு ப்ரூக்ஸ் இருக்கலாம். அரியர், இன்டர்வியூவில் ரிஜெக்ட், வீட்டுப் பிரச்னை... ஏதோ ஒன்றால் கேன்டீன் பக்கம் வருவதையே நிறுத்தியிருக்கலாம். அவனிடம் 'எல்லாம் சரியாயிடும்' என்று தத்துவம் பேச வேண்டாம். 'சனிக்கிழமை காலையில என்கூட வர்றே, ஒரு வேலை இருக்கு' என்று சொல்லுங்கள். சொன்னபடி போய் நில்லுங்கள். விஷயம் கைமீறிப்போகிறதென்று தோன்றினால் ஆசிரியரிடமோ வார்டனிடமோ சொல்லத் தயங்காதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கும் பேசலாம்.

பக்ஸ்டன் வயலும் ஓக் மரமும் நம்ம ஊரில் இல்லைதான். ஆனால், 'வருவான்' என்று ஒருத்தனுக்காகக் காத்திருக்கிற டீக்கடை பெஞ்ச் எல்லா ஊரிலும் இருக்கே!