சருகுக்கடியில் ஏழு புள்ளி

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலிருந்து அருணாசல மலைப்பக்கம் பார்த்தால், முள்ளும் சருகுமாகப் புதர்க்காடு. இப்படிப்பட்ட தென்னிந்தியக் காடுகள்தான் ஒரு அழகிய கரப்பான் பூச்சியின் சொந்த ஊர். முகம் சுளிக்காதீர்கள். உலகில் 4,500-க்கும் மேற்பட்ட கரப்பான் இனங்கள் உண்டு. வீட்டுக்குள் புகுந்து தொல்லை தருபவை முப்பது சொச்சம்தான். இது அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணயம் அளவு, உருண்டையான உடல். கருகருவென்ற முதுகில் ஏழு வெள்ளைப் புள்ளிகள். அதென்ன ஒற்றைப்படை? இடது இறக்கை வலது இறக்கையின்மேல் படிந்திருக்கிறது: இடதில் நான்கு, வலதில் மூன்று. அமிலம் பீய்ச்சும் ஆறு புள்ளி நிலவண்டு ஒன்றும் தென்னிந்தியாவில் உண்டு. எதிரிகள் அந்த வண்டென்று நினைத்து விலகவே இந்த வேடம் என்று கருதுகிறார்கள். இதற்குப் போலித்தோற்றம் என்று பெயர்.

மதராஸிலிருந்து வந்த உயிரினங்களைச் சேகரித்தவர் லண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர். அவர் நினைவாகவே இதற்கு ‘தேரியா பெட்டிவேரியானா’ என்று பெயர். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘டோமினோ கரப்பான்’ என்று ஆசையாக வளர்க்கிறார்கள்.

வளர்ப்புப் பெட்டி நம் காட்டின் குட்டி நகல்தான். அடியில் தேங்காய் நார்க்கழிவும் மண்ணும். மேலே காய்ந்த இலைகள். ஒரு மூலை ஈரம், மறு மூலை உலர்வு. இளம்பூச்சிகள் மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே சருகைத் தின்று வளரும். மேலிருந்து பார்த்தால் பெட்டி காலிதான். பிறகு ஒரு நாள் அந்தியில் புள்ளிகளோடு வெளியே வரும். அந்த அழகுக்கு ஆயுள் சில மாதங்களே.

பல்லி, ஓணான் வளர்ப்போர் தீனிக்கு வைத்திருப்பது வேறு இனம்: தென் அமெரிக்காவின் டூபியா. வழவழப்பான கண்ணாடியில் அதற்கு ஏறத் தெரியாது. முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குஞ்சாக ஈனும். தீனிக்கு வேறென்ன வேண்டும்! மெதுவாக வளரும் டோமினோ அந்த வேலைக்கு ஆகாது.

எனக்கு மிகப் பெரிய வியப்பு கரப்பான்களின் உடலுக்குள் இருக்கிறது. நாம் சிறுநீரில் கழித்துவிடும் நைட்ரஜனை, பெரும்பாலான கரப்பான்கள் யூரிக் அமிலமாகக் கொழுப்பில் சேமிக்கின்றன. அங்கே குடியிருக்கும் ‘பிளாட்டபாக்டீரியம்’ என்ற நுண்ணுயிர் அந்தக் கழிவிலிருந்தே புரதத்துக்கான மூலப்பொருளைச் சமைத்துத் தருகிறது. தாய் அந்த நுண்ணுயிரை முட்டை வழியாகப் பிள்ளைக்கும் கொடுத்தனுப்புகிறாள். சத்தில்லாத சருகைத் தின்று வாழ்கிற ரகசியம் இதுதான்.

கோடையில் அருணாசல மலைச்சரிவில் தீ பிடிப்பதுண்டு. எரிவது வெறும் சருகல்ல, அதற்கடியில் இருக்கும் இப்படிப்பட்ட பூச்சிகளின் முட்டைகளும் குஞ்சுகளும்தான். காய்ந்த புல்லருகே கற்பூரமோ தீக்குச்சியோ கொளுத்தாதீர்கள்.