சந்தைக்குப் போன பெடியன் எங்கே?

சுன்னாகம் சந்தையில் நண்பர்களோடு நின்ற பெடியன் மெல்ல மெல்ல வெளியே வருவதை நிறுத்துகிறான். ரியூசனுக்குப் போவதில்லை, அழைப்புகளை எடுப்பதில்லை. யாரோ தன்னைப் பற்றிக் கதைப்பது காதில் கேட்கிறது என்கிறான். வீட்டார் 'கண்ணூறு' என்கிறார்கள்.

உளமாய நோய் எனப்படும் சைக்கோசிஸ் பெரும்பாலும் இப்படித்தான், பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. படிப்பும் நட்பும் காதலும் உருப்பெறும் வயது அது. நோய் முழுதாக வெளித்தெரியும் முன்பே நண்பர் வட்டம் சுருங்கிவிடுவதுண்டு. பயமும் சந்தேகமும் அவனை விலக்கும்; ஊர்ப்பேச்சு மற்றவர்களை விலக்கும்.

மருந்து குரல்களை அடக்கலாம். போன நண்பர்களைத் திரும்ப அழைத்து வராது.

சென்னையின் ஸ்கார்ஃப் உளநல ஆய்வு நிறுவனமும் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் முதன்முறை இந்நோய்க்கு ஆளான இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சென்னையில் குடும்பத்தின் ஆதரவு கூடுதலாக இருந்தது. ஆர்வமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற அறிகுறிகளும் அங்கே அதிகம் குறைந்தன.

குடும்பம் மட்டும் போதுமா? கிரிக்கெட்டுக்குக் கூப்பிடும் ஒரு கூட்டாளி, சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்கப் பக்கத்தில் ஓர் இடம், கோயில் திருவிழாவில் ஒரு சிறு பொறுப்பு: யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இவை ஏற்கெனவே இருக்கின்றன.

சிகிச்சையும் வேண்டும்: சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் மல்லாகம் தாண்டினால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அங்கே உளநல சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் பேச, இலங்கையின் தேசிய உளநல உதவி எண் 1926.